கைப்பிடிச் சுவரில் நீங்கள் வைத்த கத்தி

என் பெருங்களத்தூர் தணிகாசலம் அண்ணாவுக்கு,

நன்றாக மாட்டிவிட்டுப் போனீர்கள் அண்ணா என்னை. இறந்தவருக்கு எழுதும்போது கண்ணீரோடு தொடங்க வேண்டும் என்பார்கள். என் கண்ணீரெல்லாம் உங்கள் காரியத்துக்கு முந்தைய நாளோடு தீர்ந்துபோனது. இப்போது மிச்சம் இருப்பது வயிற்றெரிச்சல்தான். அதை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் போய்க் கொட்டுவேன்?

உங்கள் வீட்டில் என்னைத் திருடி என்கிறார்கள். ஆமாம், உங்கள் மாலதியைத்தான். நீங்கள் கொடுத்த மடக்குக் கத்தியை நான் திருடிக்கொண்டு வந்துவிட்டேனாம். நல்லா இருக்கா கதை?

நாம் எப்படிப் பழகினோம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். நீங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். நான் குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், வீடு சேலையூரில். சொந்தமும் இல்லை, சாதி சனமும் இல்லை. இரண்டு பேருக்கும் இருந்தது அடீனியம் பைத்தியம். அடி பருத்து, மேலே கொத்தாகப் பூக்கும் அந்தத் தொட்டிச் செடியில் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை ஒட்டுக் கட்டிப் பார்ப்பதுதான் நமக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்களிடம் கொழுத்த அடிச்செடிகள் இருந்தன, என்னிடம் அடுக்கு இதழ்க் கிளைகள் இருந்தன. நான் கிளை கொண்டுவருவேன், நீங்கள் செடி தருவீர்கள். ஒட்டு பிடித்தால் உங்கள் கைராசி, காய்ந்துபோனால் என் கிளை சொத்தை. எத்தனை சண்டை போட்டிருக்கிறோம் அதற்கு!

கத்தியைக் கொடுத்த அந்த ஞாயிறு, உங்கள் மொட்டை மாடியில் என் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துத்தானே ஆரம்பித்தீர்கள். “இன்னாம்மா இது, இன்னும் அந்தப் பாதி பிளேடை வெச்சிகினுதான் வெட்டிகினு கீறியா? வெரல் போய்டும்மா ஒருநாள்!” என்று கத்தினீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தீர்கள். மரப்பிடி, உங்கள் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஒரே இழுப்பில் தண்டு வழவழப்பாக வெட்டுப்படும். அதை நான் எத்தனை நாள் ஆசையாகப் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“இந்தா, இது இனிமே உன்னுது,” என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன், சத்தியமாக வேண்டாம் என்றேன். “எனக்குப் பழசு ஒண்ணு கீது, கை அதுக்குத்தான் பழகிப்போச்சு,” என்று பொய் சொன்னீர்கள். அந்தப் பழசு வெங்காயம்கூட வெட்டாது அண்ணா.

நான் கையை நீட்டினேன். நீங்கள் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்கள். “கத்திய கைல குடுக்கக் கூடாதும்மா, சண்ட வந்துடும். இப்டி வெக்கிறேன், நீயே எடுத்துக்கோ,” என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கத்தி, உப்பு, மிளகாய் எதையும் கையில் வாங்கமாட்டோம். அதனால் எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அதே நேரம் பார்த்து டேங்க் நிரம்பி வழிந்தது. “கீழ யாராண்டையும் சொல்லிக்காத, பொருமிகினே இருப்பாங்க,” என்று சொல்லிக்கொண்டே வால்வை மூடப் போனீர்கள். கத்தியைச் சுவரிலிருந்து எடுத்தேன். படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. யாரிடமும் சொல்லாதே என்றீர்களே என்று அவசரமாக ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தேன். உங்கள் மருமகள் திவ்யா துணி உலர்த்த வந்துகொண்டிருந்தாள். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அவள் பார்த்தது அதைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

உங்கள் பதினாறாம் நாள். சாப்பாடு முடிந்து பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நம் செடிக்கார நண்பர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். உங்கள் மகன் முரளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டான். “ஆன்ட்டி, அப்பா எப்பவும் வெச்சிருப்பாரே ஒரு மரப்பிடி கத்தி, அது எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அவர் ஞாபகமா வெச்சுக்கலாம்னு தேடுறேன்.”

“அத எனக்குக் கொடுத்துட்டாருப்பா,” என்றேன்.

திவ்யா தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்தாள். “கொடுத்தாரா? நீங்க எடுத்து ஹேண்ட்பேக்ல போட்டீங்க ஆன்ட்டி. நான் பாத்தேன். மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தாரு. பெரியவங்க, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.”

“அவர்தான் அங்க வெச்சு எடுத்துக்கச் சொன்னாரும்மா!”

“கொடுக்கறதுன்னா கையில கொடுப்பாங்க. எதுக்கு வெச்சுட்டுத் திரும்பி நிக்கணும்?”

அந்தப் பெண் வளர்ந்த வீட்டில் இந்த வழக்கம் கிடையாது போல. அவளுக்கு அது புரியவே இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த மற்ற எல்லாருக்கும் தெரியும் அண்ணா. ஒருவர்கூட வாயைத் திறந்து “ஆமாம்மா, கத்தியைக் கையில் கொடுக்க மாட்டாங்க” என்று சொல்லவில்லை. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சண்டை வரக் கூடாது என்று கீழே வைத்தீர்களே, சண்டை வராமலா போனது? கையில் கொடுத்துத் தொலைத்திருந்தால் என்ன? கொடுக்கிற மனசு இருந்த உங்களுக்கு, பெற்ற பிள்ளையிடம் “நான் கொடுத்தேன்டா” என்று ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாமல் போனதே, அது ஏன்? உங்கள் வீட்டில் உங்களுக்கு அவ்வளவு பயமா?

உங்கள் மாடியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சோலார் பேனல் போடப்போகிறார்கள். வேண்டியவர்கள் வந்து செடிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முரளி சொல்லிவிட்டான். நம் நண்பர்கள் காரோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நாம் கட்டிய அந்த இரட்டை நிறச் செடிகூடப் போய்விட்டது. வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு படம் போட்டு “அண்ணன் நினைவாக” என்று எழுதி, கைகூப்பும் பொம்மையும் போட்டார்கள். எனக்கு மட்டும் அழைப்பு இல்லை. அவர்கள் தொட்டி தொட்டியாக அள்ளியது நினைவாம், எனக்கு நீங்கள் ஒன்றே ஒன்று கொடுத்தது திருட்டாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டுக் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “ஒரு கத்திக்கா இவ்வளவு? கொண்டுபோய்க் கொடுத்துட்டு வேலையப் பாரு.” சொல்வது சுலபம். திருப்பிக் கொடுத்தால் எடுத்ததை ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். கொடுக்காமல் இருந்தால் எடுத்தவள் கொடுக்கவில்லை என்று ஆகும். இரண்டு பக்கமும் எனக்கு ஒரே பெயர்தான்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். குரல் தாழ்த்தித்தான் பேசினார், சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டது. “அவரு அன்னிக்கே என்னாண்ட சொன்னாரு கண்ணு, மாலதிக்குக் குடுத்துட்டேன்னு. எனக்குத் தெரியும்.”

“அப்ப அன்னிக்கு ஏன் அண்ணி சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? மருமவள நாலு பேரு முன்னால பொய்யாக்கிட்டு, நாளைக்கு அவ கையால நான் எப்டி சோறு துன்றது? நீ குடுத்துடேன் கண்ணு. வூடு அமைதியாய்டும்.”

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அண்ணிக்காகக் கொடுத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். மறுநாள் கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெருங்களத்தூரில் இறங்கியதும், ஊருக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு முரளிக்குப் போன் போட்டேன். கத்தியைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

“ஓ, தேங்க்ஸ் ஆன்ட்டி! சாரி, நீங்க ஃபீல் பண்ணாதீங்க. நாங்க இத பெரிசு பண்ண மாட்டோம். அப்பாவுக்குக் கடைசில எதுவுமே தெரியல ஆன்ட்டி. யார் வந்து எத எடுத்துட்டுப் போனாலும் கவனிக்க மாட்டாரு, பாவம்.”

பாவமாம்! யாரைச் சொல்கிறான்? தண்டில் நூலளவு கோணல் வெட்டு இருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து என்னைத் திட்டுவீர்களே, உங்களையா? என்னை மன்னித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன் அண்ணா. உங்களை ஏமாளியாக்கிவிட்டான். அவன் சொல்கிற கதையில் நீங்கள் யாருக்கும் எதுவும் கொடுத்ததே இல்லை. எல்லாரும் உங்களிடமிருந்து உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் கத்தியை நீட்டினால் அந்தக் கதைக்கு நானே ஆமாம் போட்டதாக ஆகும். நீங்கள் எனக்குக் கொடுக்கவே இல்லை என்று நானே சொன்னதாக ஆகும்.

“வரலப்பா,” என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் போய், தாம்பரம் போகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அண்ணி இனி என்னோடு பேசமாட்டார். செடிக்காரர்கள் யாரும் இனி என்னை வீட்டுக்குள் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டாலும் என் ஹேண்ட்பேக்கைப் பார்த்துக்கொண்டேதான் காபி கொடுப்பார்கள். பார்க்கட்டும். என் பெயர் போய்விட்டது, அதை இனி திருப்பி வாங்க முடியாது. உங்கள் பெயரையாவது விடாமல் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் மகனே வந்து வாசலில் நின்று கேட்டாலும் இந்தக் கத்தியைக் கொடுக்க மாட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் “தணிகாசலம் அண்ணா கொடுத்தார்” என்றுதான் சொல்வேன், ஒருத்தரும் நம்பாவிட்டாலும்.

இப்படிக்கு,
நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்ட தங்கை,
சேலையூர் மாலதி