கொடிமரம் வரை

“நடவுக்கே லாயக்கில்லாதவ, நர்ஸாகப் போறியா?” என்று நேற்று சிரித்தாயே, ரெத்தினம் அண்ணே, அதற்குப் பதில் இந்தக் கடிதம். பத்து நாளாக வீட்டைவிட்டுப் போகப் பழகினேன். முதல் நாள் மதகுவரை நடந்து திரும்பினேன். மறுநாள் பாலம்வரை. நேற்று பஸ்ஸில் ஏறி அடுத்த ஊரிலேயே பயந்து இறங்கிவிட்டேன். இன்று தஞ்சாவூரில்தான் இறங்குவேன்.

பானையில் பழைய சோறு இருக்கிறது. முதலில் அப்பாவுக்குப் போடு. மிஞ்சினால் நீ குடி.

கூலி உயர்வு கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாதபோது, பண்ணையார் வயலில் திருட்டுத்தனமாக நாற்றுப் பறித்தவன் நீ. வரப்பில் நீ மறந்துவிட்டு வந்தது அப்பாவின் துண்டு. அதைப் பார்த்துத்தான் சங்கத்தில் அவர் பெயரை அடித்து நீக்கினார்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவர் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. நான் படிக்கிற ருஷ்ய நாவல்களில் கோழைக்குக்கூட ஒரு பக்கம் இரக்கம் உண்டு. இந்தத் தாளில் அவ்வளவு இடமில்லை.

லைப்ரரி புத்தகத்தை அடுப்பில் வைத்துவிடாதே.

செவ்வந்தி

ஓரத்தில் எழுதுகிறேன்: என்னைப் போல நீயும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். “பறித்தது நான்தான்” என்று கூட்டத்தில் சொல்வதை நாளைக்கு வைத்துக்கொள். இன்றைக்குச் சங்கக் கொடிமரம் வரைக்கும் மட்டும் நடந்து பார்க்கிறாயா, அண்ணே?