உன் பெயரைச் சொல்லிவிட்டேன்

நெளுக்குளம்,
வவுனியா.

அன்பு மகன் அஜந்தனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நீ சுவிஸில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு விடியலிலும் கேட்கிறேன், இங்கே நாங்கள் உயிரோடிருக்கிறோம், சுகம் என்று எழுத இன்னும் கொஞ்ச நாளாகும். அப்பாவின் முதுகில் இருபத்திரண்டு தையல், குப்புறத்தான் படுக்கிறார், காயம் ஆறி வருகிறது. வெட்டு நடந்த நாளிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை, அதனால் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், கடைசிவரை வாசி.

நீ என்ன கேள்விப்பட்டாயோ தெரியாது, நடந்தது இதுதான். போன கிழமைக்கு முந்தின செவ்வாய், பின்னேரம் நாலு மணியிருக்கும், நான் கிணற்றடியில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன், அப்பா விறாந்தையில் இருந்தார். பக்கத்து வளவு ஏரம்பு அண்ணை வேலியைப் பிய்த்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்குள் ஓடி வந்தார், தலையிலிருந்து வடிந்த இரத்தம் கண்ணை மறைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அதே வேலியை ஏன் அரை முழம் தள்ளிப் போட்டாய் என்று கேட்கப் போன அப்பாவின் கையை அலவாங்குக் கம்பியால் அடித்து முறித்தாரே, அதே மனிதர். பின்னால் நாலு பெடியன்கள், முகத்தில் துணி, கையில் வாள். "தங்கராசா, என்னைக் கொல்லுறாங்கள்" என்று கத்தினார். அப்பா யோசிக்கவில்லை. முறிந்து பொருந்திய அந்தக் கையாலேயே அவரைப் பிடித்து விழுத்தி மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டு பேரையும் சேர்த்து வெட்டினார்கள். அப்பாவின் சேட்டு கிழிந்து முதுகு பிளந்ததை நான் கண்டேன். அடியில் கிடந்த ஏரம்பு அண்ணை வாளை வெறும் வலக்கையால் பிடித்தார், இரண்டு விரல்கள் சீமெந்துத் தரையில் விழுந்தன.

மண்வெட்டியோடு ஓடினேன் மகன். கிட்ட நின்றவனுடைய முழங்காலில் போட்டேன், எலும்பு உடைகிற சத்தம் கேட்டது, விழுந்துவிட்டான். சனம் ஓடி வருவதைக் கண்டு மற்றவர்கள் ரோட்டுப் பக்கம் பாய்ந்தார்கள். இவனுடைய முகத்துணி விலகிவிட்டது, இருபது வயதுகூட இராது. தலைக்கு நேரே மண்வெட்டியை ஓங்கினேன். அவன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அடிக்காதேங்கோ அம்மா, உங்கட மகன் அஜந்தன்தான் எங்களை அனுப்பினவர்" என்றான்.

அப்போது நினைத்ததை உனக்கு மறைக்க மாட்டேன். இவன் வாய் இப்போதே மூடினால் உன் பெயர் இந்த முற்றத்தோடு போய்விடும் என்று நினைத்தேன். ஓங்கிய கை எவ்வளவு நேரம் அப்படியே நின்றதென்று தெரியாது. உன் சகோதரன் எங்கே என்று தம்பியைக் கொன்ற காயீனிடம் ஆண்டவர் கேட்டதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தேன், அந்தக் கேள்வி என்னைப் பார்த்து வந்தது. மண்வெட்டியைப் போட்டேன். சனம் வந்துசேர முதல் கூட்டாளி ஒருவன் திரும்பி வந்து அவனை இழுத்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

உன்னில் மட்டும் பிழை சொல்ல மாட்டேன். அப்பாவின் கை முறிந்த பிறகு, சத்துருக்களின் பல்லைத் தகர்த்துப்போடும் என்று ஆண்டவரைக் கேட்கிற சங்கீதங்களையே தேடித் தேடி வாசித்தேன், போனில் உனக்கும் வாசித்துக் காட்டினேன், அது எனக்கு இனித்தது. அவற்றைப் பாடிய தாவீது அந்த ஆத்திரத்தை ஆண்டவரிடம் கொடுத்தார், நான் உன் கையில் கொடுத்தேன். நிறைய வசனம் தெரிந்தால் ஞானம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பகைவனுக்குப் பசித்தால் சாப்பாடு கொடு என்ற ஒன்றைச் செய்யப் போனபோதுதான் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று விளங்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். மூன்றாம் நாள் அப்பாவின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்துக் கட்டில் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொலிசுக்குச் சொல்லுறதுக்கு முதல் ஏரம்பண்ணைக்குச் சொல்லவேணும், ஆர் வெட்டுவிச்சதெண்டு தெரியாமல் அந்த மனுசன் கிடக்குது" என்றார். சொன்னேன். ஏரம்பு அண்ணை கஞ்சிக் கோப்பையை என் முகத்தில் எறிந்தார், நெற்றி வெடித்தது. "பிள்ளை வாள் அனுப்புறான், தாய் கஞ்சி கொண்டு வாறாள்" என்று வார்டே கேட்கக் கத்தினார். அன்றைக்கே பொலிசுக்குப் போய் உன் பெயரைச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தேன், வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்படித் தரையில் கிடந்து அழுதேன். அடுத்த நாளும் கஞ்சி கொண்டுபோனேன், அவர் தொடவில்லை. அதற்கடுத்த நாள் அவருடைய மகள் தேனுகா கரண்டியால் ஊட்ட ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார். குப்புறக் கிடந்த அப்பா, "முப்பது வருசமா நானும் இதைத்தான் சொல்லுறன்" என்றார். ஏரம்பு அண்ணை சிரிப்பை அடக்கப் பார்த்தார், கட்டில் ஆடியது. அப்பா தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார். இரத்தமும் மருந்தும் மணக்கிற அந்த இடத்தில் எனக்கு அப்படியொரு சந்தோசம் வந்தது மகன், இத்தனை வருடம் கைதட்டிப் பாடியும் வராத சந்தோசம். அடிபட்ட காயத்தோடு பவுலும் சீலாவும் சிறைக்குள் எப்படிப் பாடினார்கள் என்று யோசிப்பேன், இனி யோசிக்க மாட்டேன்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. வழக்கை விடமாட்டேன் என்கிறார், விடச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. பொலிஸ் கூப்பிட்டால் ஒளியாதே, செய்ததைச் செய்தேன் என்று சொல். காட்டிக்கொடுத்தவள் என்று என்னில் கோபம் வந்தால் வரட்டும், உன்னைப் பெற்றவளும் நான்தான். நேரத்துக்குச் சாப்பிடு, தனியே கிடந்து குடிக்காதே. ஆண்டவர் உன் கைகளைக் கழுவி, திரும்பவும் நல்ல வேலைக்கு எடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஏரம்பு அண்ணையை வீட்டுக்கு விடுகிறார்கள், அவருடைய நம்பர் இதன் பின்பக்கத்தில் இருக்கிறது, அதையும் படமெடுத்திருக்கிறேன், எனக்கு எடுக்க முதல் அவருக்கு எடு. இடக்கையால் போன் பிடிக்க அவர் இன்னும் பழகவில்லை, எடுக்கச் சுணங்கும், வைத்துவிடாதே.

உன்னை ஒருநாளும் கைவிடாத,
அம்மா
ராஜினி தங்கராசா