ஏழு கோட்டை, மூன்றாம் பதிப்பு

நாள் 611, 07:10
டைட்டன் நிலையம். வெளியே மைனஸ் 179, உள்ளே 21. காற்று, குழாய்கள் சரி. ஐந்து பேரும் நலம். எழுதுபவன் மரியசூசை, வெப்பக் குழாய் மெக்கானிக்.

பூமியிலிருந்து 'ஏழு கோட்டை'யின் புதிய பதிப்பு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்தும் விளையாட்டு. வெளியே வேலைக்கு யார் போவது என்பதையும் இங்கே அந்தப் பகடைதான் முடிவு செய்கிறது. முதல் வருடச் சண்டைகளுக்குப் பிறகு நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு. குறைந்த எண் விழுந்தவர் போக வேண்டும்.

நாள் 614, 20:40
புதிய பதிப்பில், குறைந்த எண் விழுந்தவர் இன்னொரு முறை உருட்டலாம். போச்சு. நிலையத் தலைவர் கோமதிநாயகம் பழைய பதிப்பு, டாக்டர் வித்யாவதி புதியது. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம். சாப்பாட்டு மேசையின் நடுவில் டேப் ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள். எல்லாரும் படித்தவர்கள். த்தூ.

வெளியீட்டாளரின் செய்தி: "ரெண்டு தரப்பு ரசிகர்களும் திருப்தியா இருக்கணும்னுதான் இந்தப் பதிப்பே." வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் 619, 11:05
வெளிக்குழாயில் வால்வு உறைந்துவிட்டது. உள்ளே 9 டிகிரி. ஒருவர் போய்ச் சூடுகாட்டித் திறந்தால் ஒரு மணி நேர வேலை. ஐந்து பேரும் உருட்டினோம். வித்யாவதிக்குக் குறைந்த எண். மறுபடி உருட்டுவேன் என்றார். கோமதிநாயகம் பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

நாள் 620, 05:30
உள்ளே மைனஸ் 2. குடிதண்ணீர் கட்டியாகிவிட்டது. போர்வைக்குள் உட்கார்ந்து, பக்க எண் சொல்லி விதிகளை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பகடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நானே போகிறேன்.

06:50, விண்உடைக் குரல்பதிவு
வால்வு திறந்துவிட்டது. குழாயில் சூடு ஓடுகிறது. உள்ளே இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். தட்டினேன், ரேடியோவில் கூப்பிட்டேன்.

கோமதிநாயகம்: "உருட்டாம ஒன்னய எவம்லே போகச் சொன்னான்? இரு, பேசிக்கிட்டிருக்கோம்."

07:20
என்னிடம் கால் மணி நேரக் காற்று இருக்கிறது. ரேடியோவில் சிரிப்புச் சத்தம். புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து இவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை.

வித்யாவதி: "சூசை, ஒருவழியா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டோம். உருட்டாம வெளிய போனவங்க ஆட்டத்துலயே இல்ல. நாலு பேருக்கும் சம்மதம். மூணாம் பதிப்புன்னு பேரும் வச்சாச்சு."

கதவைக் கேட்டேன்.

வித்யாவதி: "ஆட்டத்துல இல்லாதவங்களுக்குக் கதவத் திறக்கணும்னா உருட்டித்தான் ஆகணும். ஒரு தடவையா, ரெண்டு தடவையான்னு பேசிட்டிருக்கோம். கொஞ்சம் பொறுங்க."

07:33
பகடை மேசையில் விழுவது நன்றாகக் கேட்கிறது. திறக்கலாம் என்று விழுந்திருக்கிறது. செல்லாது என்கிறார் கோமதிநாயகம், டேப்பைத் தொட்டுவிட்டதாம். மறுபடி உருட்டுகிறார்கள். தலை சுற்றுகிறது. இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும், இந்த நாலு பேரோடும் ஒரு மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். டேய், கதவத் திறங்கலே. சனியன்களா, கதவ