மண்டைக்கல்லுக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான்

என் அன்பு அப்பா,

ஞாயிறு, பிற்பகல் 4.20. பாரிசில், ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வெளியே நிற்கிறேன். "அஞ்சு நிமிசம்" என்று உள்ளே போன அம்மா ஒரு மணித்தியாலமாக வரவில்லை. நீங்கள் என்றால் பேசாமல் நிற்பீர்கள். எனக்குப் பொறுமை இல்லை, எழுதுகிறேன்.

போன கிழமை வேலை விசயமாக அயர்லாந்துக்குப் போனேன். பாரிசுக்கு வருமுன் நீங்கள் காளான் பண்ணையில் வேலை செய்த ஊரையும் எட்டிப் பார்த்தேன். பிள்ளையார் இல்லாத ஊரில், ஒவ்வொரு அகதி விசாரணைக்கு முன்பும் நீங்கள் தேங்காய் உடைத்த வயலோரக் கல் இன்னும் நிற்கிறது. அம்மாவிடமுள்ள படத்தோடு ஒப்பிட்டேன். அதேதான்.

வயல்காரர் வந்து பேச்சுக் கொடுத்தார். "இது மண்டைக்கல். அந்நிய தேசத்து ராஜா ஒருவன் எதிரியின் தலையை இதில் அடித்து உடைத்தான். மூளை வெள்ளை வெள்ளையாகச் சிதறியது" என்றார்.

எப்போது என்று கேட்டேன். ஆதிகாலத்தில் என்றார். அதே வாயால், மயிரோடு கிடந்த மண்டையோட்டைத் தன் தம்பி சிறுவயதில் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

அப்பா, அது தேங்காய்! சொல்ல வாயெடுத்தும்விட்டேன். அதற்குள் அவர், "மாட்டுக்கொட்டகைக்கு இடம் போதவில்லை. இதைப் புரட்டலாமென்றால் ஒரு இயந்திரக்காரனும் வரமாட்டேன் என்கிறான். மண்டைக்கல்லைத் தொட யாருக்குத் துணிவு?" என்றார்.

பிழையைக் கண்டால் திருத்தாமல் விடாதவன் நான். பொறியியல் படித்த புத்தி. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். உங்கள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம். போய்த் தொட்டுப் பார்க்க எங்களுக்கு அந்தக் கல் ஒன்றுதான் மிச்சம்.

அம்மாவிடம் சொன்னபோது, "நீ ஒண்டும் உளறேல்லைத்தானே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சிரிப்பு அடங்கவில்லை. "கோழி உரிக்கவே என்னைக் கூப்பிட்ட மனுசன் உன்ரை கொப்பர். அவர் தலை உடைச்சவராமோ? ராஜாவாம், ராஜா!"

அந்தக் குளிருக்குள் தேங்காய் எங்கே வாங்கினீர்கள்? ராஜா என்று அவர்களுக்கு எதை வைத்துத் தோன்றியது, நெற்றித் திருநீற்றையா? அடுத்த வயலில் இராட்சதன் எறிந்த கல் என்று ஒன்று நிற்கிறது. அங்கே உண்மையில் எந்த மனுசன் என்ன செய்தான்?

உங்கள் கதையை நான் திருத்தமாட்டேன், அப்பா. சத்தியம். இனிச் செய்யப்போவது:

1. இதை வாசிப்பவர்கள் எவ்வளவு கேட்டாலும் ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன்.
2. வருகிற கோடையில் அம்மாவை அங்கே கூட்டிப்போவேன். வயல்காரர் முன்னால் சிரிக்கக்கூடாது என்று முதலே சொல்லிவைப்பேன்.
3. ஒரு தேங்காய் உடைப்பேன். சிதறியதைப் பொறுக்கமாட்டேன்.

ராஜாவின் மூத்த மகன்