ஒரே அச்சில் இரண்டு வெள்ளைக் கார்கள்

மார்ச் 4, செவ்வாய்

காரை இன்று கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வாக்கர்ஸ்டன் சாலையில் நேற்று சாயங்காலம் கங்காரு குறுக்கே பாய்ந்தது. விழுந்த கங்காரு எழுந்து, என்னை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, கரும்புக்குள் துள்ளிப் போய்விட்டது. கார்தான் எழுந்திருக்கவில்லை.

நான் வைத்திருந்தது தேர்ட் பார்ட்டி. அடுத்தவன் காரை நான் இடித்தால் அவனுக்குக் கொடுப்பார்கள். கங்காரு என்னை இடித்தால்? கங்காருவிடம்தான் வசூலிக்க வேண்டும்.

கத்தரி, சீப்பு, டிரையர், மடக்கு நாற்காலி எல்லாம் வாசலில் கிடக்கின்றன. வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவளுக்குக் கார் இல்லையென்றால் கடையே இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஷெரில்தான் இன்று பக்கத்து ஊர் சரீனாவில் இருக்கிற என் கஸ்டமர்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தங்கச்சி வண்டி ஓட்டினால் வாயும் சேர்ந்து ஓடும்.

"இந்தத் தடவையாவது முழு இன்சூரன்ஸ் போடுடி. நாப்பத்தேழு வயசாச்சு, இன்னும் கஞ்சத்தனம்."

"முதல்ல கார் வேணும்டி."

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கார். இரண்டும் வெள்ளை, ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே நீளப் பின்பக்கம் – என் நாற்காலி படுத்துக்கொள்ளும். ஒன்று வாக்கர்ஸ்டனில், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மிஸஸ் ஹாலோரனுடையது. கதவில் கீறல், சீட்டில் நாய் முடி. இன்னொன்று நம்ம ஊர் கிளப் தலைவர் டெஸ்ஸுடையது. பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. விலையும் குறைவு!

திரும்பி வரும் வழியில் போய்ப் பார்த்தோம். டெஸ் கதவைத் திறந்து காட்டினார். "உனக்குன்னுதான் இந்த விலை, நோலி. வேற யாராயிருந்தாலும் பேச்சே கிடையாது."

மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 8, சனி

ஷெரிலும் நானும் மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ் விலை பார்த்தோம். வேண்டாத கார்களுக்கும் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி நல்ல பொழுதுபோக்கு.

ஷெரிலுக்கு இரண்டு கதவுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் கண். பழசு, மலிவு. ஆனால் அதற்குக் கேட்கிற பிரீமியம் மிஸஸ் ஹாலோரன் காரைவிட எவ்வளவோ அதிகம். "என் மூஞ்சியைப் பாத்தா வேகமா ஓட்டற மாதிரியா இருக்கு?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள். அவள் மூஞ்சி அல்ல விஷயம். அந்தக் காரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பறக்கிறவர்கள். திருடனுக்கும் அது பிடிக்கும்.

அடுத்து ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய சொகுசுக் கார். வயதாகி விலை தரையில் கிடக்கிறது. பிரீமியம் மட்டும் கூரையில். ஒரு முன்விளக்கு உடைந்தால் கடல் தாண்டி வரவேண்டும். அந்த விளக்கு வருகிற செலவில் நான் ஒரு வருஷம் டயர் மாற்றுவேன்.

எனக்கு மெல்லப் பிடிபட்டது. நான் காருக்கு என்ன விலை கொடுக்கிறேன் என்பது கணக்கில் ஒரு ஓரம்தான். அது உடைந்தால் சரிசெய்ய என்ன ஆகும், எத்தனை பேர் அதைத் திருடுவார்கள், முட்டினால் உள்ளே இருக்கிறவர் தப்பிப்பாரா – இதுதான் கணக்கு. என் காரை அவர்கள் பார்ப்பதே இல்லை. அதன் அண்ணன் தம்பிகளெல்லாம் இதுவரை எங்கெங்கே போய் முட்டினார்கள் என்று பார்க்கிறார்கள்.

வெள்ளைக் கார் நல்ல குடும்பம். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், தானே பிரேக் போடும், திருடன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மிஸஸ் ஹாலோரன் காரின் நம்பரைப் போட்டேன் – நியாயமான விலை வந்தது. டெஸ் காரின் நம்பரைப் போட்டேன்.

"தயவுசெய்து எங்களைத் தொலைபேசியில் அழைக்கவும்."

இன்னொரு கம்பெனியில் போட்டேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒரே கார். ஒரே வருஷம். அதே நான், அதே வீடு, அதே ஷெட். ஏன்?

மார்ச் 9, ஞாயிறு

ஏன்?

மார்ச் 10, திங்கள்

போன் செய்தேன். பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணானபிறகு ஒரு பெண் வந்தாள். குரலில் நல்ல களைப்பு.

"அந்த வண்டிக்கு எங்களால முழுக் காப்பீடு தர முடியாதுங்க."

"ஏம்மா? அதே மாதிரி வண்டிக்கு முந்தாநாள் குடுத்தீங்களே."

"காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"நான் தலைமுடி வெட்டறவம்மா. எங்கிட்ட எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிடுவாங்க."

சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நான் வாங்கறதா இருந்தா, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரை வெச்சு அரசாங்கப் பதிவுல பாத்துடுவேங்க. இத யார் கேட்டாலும் சொல்லுவோம்" என்றாள்.

வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு காபி விலைதான் கேட்டார்கள், பதிவைப் பார்க்க.

டெஸ்ஸின் கார் 'டோட்டல் லாஸ்'. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெற்கே எங்கோ முன்பக்கம் மோதி, சரிசெய்ய லாயக்கில்லை என்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துக் கைகழுவிய கார். யாரோ ஏலத்தில் எடுத்து, டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்து, மறுபடியும் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பளபளப்பு. புது மாப்பிள்ளை இல்லை, மேக்கப் போட்ட பிணம்.

டெஸ்ஸுக்குப் போன் செய்தேன். மனுஷர் அசரவே இல்லை.

"அட, அது பழைய கதை நோலி. சரி பண்ணியாச்சு, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சாச்சு, எல்லாம் சட்டப்படி. நான் எதையாவது மறைச்சேனா? நீ கேட்டியா? கேக்கலியே!"

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

"வேணாம்னா விடும்மா. வாங்க ஆள் இருக்கு."

சட்டப்படிதான். அந்த இன்ஸ்பெக்‌ஷன் என்னவென்றும் படித்துப் பார்த்தேன். மாட்டிய பாகங்கள் திருட்டுப் பொருளா என்று முக்கியமாகப் பார்ப்பார்களாம். விற்கும்போது கொடுக்கிற சான்றிதழ் டயர், பிரேக், விளக்கு பார்க்கும். பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

மார்ச் 13, வியாழன்

ஷெரில் செய்தி கொண்டுவந்தாள். டெஸ் காரை விற்றுவிட்டார். வாங்கியது பேக்கரியில் வேலை செய்கிற டியார்னா. தனியாக நின்று இரண்டு குழந்தைகளை வளர்க்கிற பெண்.

"நீ வாயை மூடிட்டு இரு நோலீன். உன் கஸ்டமர்ல பாதிப் பேர் டெஸ் சொந்தக்காரங்க. அவங்கம்மா மெர்ல் ஒருத்தி போதும், ஊர் பூரா உன் கத்தரிக்கு வேலை இல்லாமப் பண்ண."

அவள் சொல்வது உண்மைதான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்தக் குழந்தைகள் முன்சீட்டுக்குத்தானே சண்டை போடும்? என் குழந்தைகளாக இருந்தால்?

மார்ச் 14, வெள்ளி

காலையில் பேக்கரிக்குப் போய் டியார்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

"பணம் மொத்தமும் குடுத்துட்டேன்க்கா. முழு இன்சூரன்ஸுக்கு எக்கச்சக்கமாக் கேட்டாங்க. சின்ன வயசுங்கறதாலதான் ஏத்தறாங்கன்னு நெனச்சு, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இரண்டாவது வெள்ளைக் கார் ஒன்று பக்கத்தில் இல்லாமலிருந்தால்.

சாயங்காலம் கிளப்பில் ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல். டெஸ் மைக்கோடு மேடையில். நான் எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. கால் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் நிறுத்திவிட்டது.

"டெஸ், அந்தக் கார் டோட்டல் லாஸ் ஆனதுன்னு டியார்னாகிட்ட சொன்னீங்களா?"

டெஸ் மைக்கிலேயே சிரித்தார். "கங்காரு காரைத்தான் இடிச்சதுன்னு நெனச்சேன். நோலி மண்டையையும் இடிச்சிருக்கு போல!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது எரிந்தது. ஷெரில் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது என்று நினைக்கிறேன்.

"சரி. நாளைக்கு என் செலவுல மெக்கானிக் வின்ஸ் ஜாமிட் அந்தக் காரைப் பிரிச்சுப் பாக்கட்டும். ஒரு குறையும் இல்லைன்னா, உங்க குடும்பத்துல அத்தனை பேருக்கும் ஒரு வருஷம் சும்மாவே முடி வெட்டறேன். குறை இருந்தா அவ பணத்தை அப்படியே திருப்பிக் குடுங்க."

ஊருக்கு முன்னால் பந்தயம் கட்டினால் டெஸ் மறுப்பாரா? இறங்கி வந்து கையை நீட்டினார். "கத்தரியத் தீட்டி வை. எங்க வீட்டுல பதினாலு மண்டை."

மார்ச் 15, சனி

வின்ஸின் ஷெட்டில் பாதி கிளப் வந்து நின்றது. கையில் காபியும் இறைச்சிப் பலகாரமுமாகத் திருவிழா மாதிரி.

வின்ஸ் சும்மா பேசுகிற மெக்கானிக் இல்லை. சின்னக் கருவி ஒன்றை மாட்டினார், புருவத்தைச் சுருக்கினார், முன்சீட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினார்.

ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஏமாற்ற ஒரு சின்ன எலக்ட்ரானிக் துணுக்கையும் கம்பியில் மாட்டியிருந்தார்கள்.

வின்ஸ் துண்டை இழுத்து பெஞ்சில் போட்டார். "இதுதான் உங்க ஏர்பேக்."

டெஸ் கேலி செய்வார், சமாளிப்பார் என்று நினைத்தேன். மனுஷர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கிட்டே போய் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"போன வாரம் வரைக்கும் என் பேத்தி இந்த சீட்லதான் உக்காந்து வந்தா... எனக்குத் தெரியாது நோலி. சத்தியமா. டோட்டல் லாஸ்னு தெரியும். இது தெரியாது."

நம்பினேன். அந்த முகத்தை நடிக்க முடியாது.

அங்கேயே, எல்லோர் முன்னாலும் போனை எடுத்து டியார்னா கணக்குக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். காரை நொறுக்குகிற இடத்துக்கே அனுப்பிவிடச் சொல்லி வின்ஸிடம் சாவியைக் கொடுத்தார். டியார்னா என்னைக் கட்டிப்பிடித்ததில் சட்டை முழுக்க மாவு. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு ஷெட்டே தட்டியது. ஷெரில் எல்லோரிடமும், "நான்தான் அவளைப் பேசச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கழுதை!

பதினாலு மண்டை தப்பித்தன. நானும் தப்பித்தேன். நான் ஜெயித்துவிட்டேன்! இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 17, திங்கள்

மிஸஸ் ஹாலோரன் கார் இப்போது என் ஷெட்டில். முழுக் காப்பீடு. நாய் முடி இலவசம்.

மார்ச் 20, வியாழன்

பயந்துகொண்டேதான் மெர்ல் வீட்டுக்குப் போனேன். எண்பத்தெட்டு வயது, டெஸ்ஸைப் பெற்றவர். துணியைக் கழுத்தில் கட்டியதுமே கேட்டார்.

"என் மகனைச் சபையில நிக்க வெச்சியாமே?"

"ஆமாம்."

"அவன் அப்பனும் இப்படித்தான். நான் கேட்டாத்தான் சொல்லுவான். அறுபது வருஷம் கேட்டுக்கேட்டே என் தொண்டை போச்சு." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இந்தத் தடவை நல்லா ஒட்ட வெட்டு. நானும் கொஞ்சம் தைரியமாத் தெரியணும்."

ஏப்ரல் 9, புதன்

டியார்னா கார் வாங்கிவிட்டாள். மூன்று வாரம் சேர்ந்தே தேடினோம். அழகாயிருக்கிறதா என்று இப்போது அவள் முதலில் கேட்பதில்லை. சேஸிஸ் நம்பர், பிறகு பிரீமியம், அப்புறம்தான் சாவியையே கையில் வாங்குகிறாள். கிடைத்தது ஒரு பச்சைக் கார், பழுத்த ஆலிவ் நிறம். பார்க்கச் சகிக்காது. ஆறு ஏர்பேக். பெரியவன் "தவளை" என்று பெயர் வைத்துவிட்டான். அவள் வயதுக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் முன்னே கேட்டதில் பாதிகூட இல்லை.

மே 2, வெள்ளி

இந்த வாரம் மட்டும் மூன்று பேர், தலையில் நுரையோடு, வாங்கப் பார்க்கிற காரின் நம்பரை என்னிடம் நீட்டினார்கள். ஒருவரிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிப் போனார். மறுநாள் ஒரு கூடையில் மாங்காய் ஊறுகாயும் எலுமிச்சைக் கேக்கும் வாசலில் இருந்தன.

ஜூன் 22, ஞாயிறு

மழை விட்டு நல்ல குளிர். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது, ஊரெல்லாம் வெல்ல வாசனை.

மத்தியானம் போன் அடித்தது. டெஸ். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கிளப்பில் தலையாட்டியதோடு சரி, பேசியதில்லை.

"நோலி, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார்.

"பேத்திக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. ஒரு சின்னக் கார் பாத்து வெச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கு... நான் நல்லா இருக்குன்னு சொல்றது இருக்கட்டும். நீ ஒரு தடவை பாத்துச் சொல்றியா?"

பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடித்ததும், நான் கேட்காமலே, தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை படித்தார்.