நெஞ்சுக்குள் ஒரு கங்காணி

மார்ச் 4, 2025 – செவ்வாய்

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கிற நேரத்தில், விழுந்துவிட்டேன். கொழுந்து பறிக்கும் நாற்பது பெண்களுக்குக் கங்காணி நான். களத்தில் நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்; பாதிப் பேர் கூப்பிட்டதோடு நான் இல்லை. கண்ணைத் திறந்தால் மேலே வானம், ஒரு செருப்பு தண்ணிக் கானுக்குள்.

"ராத்திரி போட்டது இன்னும் எறங்கல" என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. நான் குடியை விட்டு ஆறு வருஷம். யார் நம்புவது? வீட்டுக்கு வந்தால் ஜீவராணியே கிட்ட வந்து வாயை மோந்து பார்த்தாள். கட்டின பொண்டாட்டி.

களத்தில் கொழுந்து பறிக்கிற மாரியாயி மட்டும், "அவரு குடிக்கல. எனக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள்.

மார்ச் 5

இது மகள் சிவரூபி கொடுத்த கொப்பி. "டொக்டர் கேட்டா எல்லாத்தையும் மறந்துருவீங்க, எழுதி வைங்கப்பா" என்றாள். மே மாதம் அவள் கல்வியியற் கல்லூரிக்குப் போக வேண்டும். நேற்றிலிருந்து போகமாட்டேன் என்கிறாள். "நீங்க எங்க விழுவீங்கன்னு நான் அங்க உக்காந்து யோசிச்சிட்டு இருக்கணுமா?"

மாரியாயி சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை. போன வருஷம் அவள் தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறது என்றாள். "நாடகம் போடாத" என்று சொல்லி அரைப்பேர் போட்டேன். அரைநாள் சம்பளம்தான்; அன்றைக்கு அவள் பாதி ஆள் என்று அர்த்தம்.

நேற்று களத்தில் நான் பாதி ஆளாகக்கூட இல்லை.

மார்ச் 10

பதுளை ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தார்கள், சுத்தம். ஆனாலும் டொக்டர் கிஷாந்தன் விடவில்லை. "ஹோல்டர் போட்டு ஒரு நாள் பாப்பம்" என்றார். பல்ப் மாட்டுகிற ஹோல்டரை நெஞ்சில் எங்கே போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினேன். நர்ஸ் முஷ்ரிபா நெஞ்சு மயிரை வழித்து, ஐந்தாறு வயரை ஒட்டி, நெஞ்சு அடிக்கிறதைப் பதிகிற சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டார். ஒரு தாளும் தந்தார்: எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று எழுத வேண்டுமாம்.

மார்ச் 11

தாளில் எழுதியது: 6 மணி – படுக்கை. 7 – படுக்கை, தேத்தண்ணி. 8 – படுக்கை. 9 – படுக்கை.

பெட்டி பரீட்சை வைக்கிறது. நான் பெயிலாகப் போவதில்லை. இருமல் வந்தபோதுகூட மெதுவாகத்தான் இருமினேன்.

மார்ச் 20

பாஸ். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டொக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகத்தான் பேசுவார்.

"ஐயா, நீங்கள் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தனீங்களோ?"

"ஆமாங்க. மெசினுக்கு தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு."

"கள்ளனைப் பிடிக்க வந்தனாங்கள். நீங்கள் அவனைப் போர்வையால மூடி வச்சிருக்கிறியள்."

முஷ்ரிபா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அரைப்பேருக்கு ஆளைப் பிடிக்கிற கங்காணி, தன் நெஞ்சையே ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது புது மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். வயரும் இல்லை, பெட்டியும் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டர், அவ்வளவுதான். ஏழு நாள் இருக்க வேண்டும்; தலை சுற்றினால் அதிலிருக்கும் பொத்தானை அமத்த வேண்டுமாம். "தனிய மட்டும் போகாதேங்கோ. மற்றபடி வழமைபோல நடவுங்கோ."

மார்ச் 24

நாலாம் நம்பர் மலை ஏற்றத்தில் கண் இருட்டியது. விழவில்லை, மாரியாயி கையைப் பிடித்துவிட்டாள். பிளாஸ்டரில் இருக்கும் பொத்தானை அமத்தினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாட்டிக்கிட்டான்டா என்று ஒரு சந்தோஷம்.

ஏப்ரல் 2

மாட்டினான். அன்றைக்கு மலையில் என் நெஞ்சு ஐந்து செக்கன் அடிக்காமல் நின்றிருக்கிறது. டொக்டர் தாளில் ஓடிய கோட்டைக் காட்டினார். மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு வெறும் கோடு. அந்த வெறும் இடத்தில் நான் இல்லை. பேர் போட்டுவிட்டு நடு மலையில் நழுவியிருக்கிறது கழுதை.

நெஞ்சைப் பிளக்க வேண்டுமா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சிவரூபிதான் மறுபடி கேட்டாள். தேவையில்லையாம். தோளுக்குக் கீழே சின்ன வெட்டு, தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கர், அதிலிருந்து இதயத்துக்கு வயர். மயக்கமும் கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி.

"இதயம் தானா அடிச்சா அது பேசாமல் பாத்துக்கொண்டிருக்கும். நிண்டால் மட்டும் தட்டிவிடும்" என்றார்.

"அப்ப அது கங்காணிங்க."

"கங்காணி சத்தம் போடுவார் ஐயா. இது போடாது."

ஏப்ரல் 8

முடிந்தது. முழிப்பாகவே இருந்தேன். வலியில்லை, யாரோ தோளில் மண்வெட்டி போடுகிற மாதிரி ஒரு அழுத்தம். உயிரோடிருக்கிறேன்.

ஏப்ரல் 11

வீடு. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தலையை ஜீவராணிதான் சீவிவிடுகிறாள், பள்ளிக்கூடப் பையனுக்கு எடுக்கிற வகிடு. இன்றைக்கும் கிட்ட வந்தாள். மோந்து பார்க்கவில்லை. காதை நெஞ்சில் வைத்து, "ஒழுங்காத்தான் வேலை செய்யுது" என்றாள்.

மே 5

சிவரூபி போய்விட்டாள். தெமோதரை ஸ்டேசனில் ரயில் ஏறும் முன், "கார்டு எங்கப்பா?" என்று மூன்று முறை கேட்டாள். பேஸ்மேக்கர் கார்டு சட்டைப்பையில் இருக்கிறது. வலது கையால் டாட்டா காட்டினேன். பழக்கத்தில் இடது எழும்பப் பார்த்தது, அடக்கினேன்.

மே 26 – திங்கள்

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள். நாலாம் நம்பர் மலையை ஒரே மூச்சில் ஏறினேன். கண் இருட்டவில்லை.

பத்து மணிக்கு மாரியாயி கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். நான் கிட்டப் போனதும் எழும்பப் பார்த்தாள்.

"அரைப்பேர் போட்டுறாதீங்க கங்காணி, இப்ப சரியாயிரும்."

"உக்காரு. முழுப்பேர்தான். நாளைக்கு ஜீவராணி ஒன்னய கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போவா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மெசின்ல இதுவும் சேத்து வச்சாங்களா?" மலை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேர்ப் புத்தகத்தில் அவளுக்கு முழுப்பேர் போட்டேன். பென்சில் கொஞ்சம் அழுத்தி விழுந்துவிட்டது. பிறகும் அங்கேயே நின்றேன். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை வாயிலேயே இருந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெளியே வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அன்னைக்கு நீ நாடகம் போடல, மாரியாயி.