ஒரே பெயருக்கு இரண்டு கார்டு

இன்று காலை கணினித் திரையில் ஒரு கார்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தருமபுரியில் ஒரு மருத்துவமனைக்கு நான் எழுதித் தரும் வலைச்செயலியில், நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காத்திருக்கும் கூடத்து டிவியிலும் அது ஓடவேண்டுமாம். ஓரம் வளைந்த வெள்ளைக் கட்டம், அடியில் மெல்லிய நிழல். எல்லாம் ஆயத்தமாகவே கிடைக்கிறது. எடுத்து ஒட்டி, எந்த இடத்தில் எந்த விவரம் வரவேண்டும் என்று சொன்னால் போதும். மேலே பெயர், அடுத்து ஊர், அதற்கும் கீழே தடித்த எழுத்தில் நோய். மாதிரிக்கு நான் போட்ட பெயரின் கீழே ‘காசநோய்’ என்று வந்து நின்றதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். போன மாதம் நீ இறந்துபோன செய்தி வந்தபோது அழாதவள், அதைப் பார்த்து அழுதேன்.

எண்பதுகளின் நடுவில், நான் கணினி கற்றுக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பு, பாலக்கோட்டில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதுகிறவள். நீ தருமபுரியிலிருந்து நர்ஸாக வந்தாய். உன் அத்தா அங்கே தையற்கடை வைத்திருந்தார். எனக்கும் உனக்கும் ஒரே வயது. வந்த வாரமே டாக்டரிடம் பேசி, என்னுடைய தடித்த நோட்டை ஓரம்கட்டி, ஆளுக்கொரு கார்டு என்று ஆக்கிவிட்டாய். “ஒருத்தரப் பத்திப் பார்க்க ஊரையே புரட்டணுமா?” என்றாய். கேட்டது நியாயம்தான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். சிலருக்கு மட்டும் நீ இரண்டு கார்டு எழுதினாய். பெயரும் நம்பரும் மட்டும் உள்ளது என் மேசைக்கு வரும். இன்னொன்று உன் டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்த ஆள் வரும்போது நீயே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவாய்.

“ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு?”

“அது உள்ளே இருக்கட்டும், வுடு” என்றாய்.

அந்த ‘வுடு’ என்னைத் தின்றது. மருந்துக்கடைக்காரரோடு நீ சிரித்துப் பேசினால் சந்தேகம். சாயங்காலப் பஸ்ஸுக்குப் போகும்போது உன் பை கனமாகத் தெரிந்தால் சந்தேகம். எதை மறைக்கிறாய் என்று தெரியவில்லை. மறைக்கிறாய் என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

உன் அண்ணன் நிக்காஹ்வுக்கு நீ லீவு போட்ட நாளில், அலமாரியிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்து உன் டிராயரைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு கார்டுகள். சீட்டு கொடுக்கும் மேசையிலேயே வரிசையாகப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாருக்கும் காசநோய். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. நடுவில் ஆட்கள் வந்தார்கள், சீட்டு எழுதினேன். காலில் ஆணி குத்தி ஊசி போட்டுக்கொள்ள வந்த காரிமங்கலத்து ஆள் ஒருவர், மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் நீ டிராயரைத் திறந்ததும் திரும்பிப் பார்த்தாய். “இத யாராவது தொறந்தீங்களா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

பத்து நாள் கழித்து மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு தகப்பன் வந்து கூடத்தில் நின்று கத்தினார். “எம்பொண்ணு சீக்கு மாப்பிள்ள வூட்டுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? பாக்கு வெத்தல மாத்தினதுக்கு அப்புறம் வேணாம்னுட்டாங்க. இங்கேருந்துதான் போயிருக்குது!” டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டேன். “அந்தக் கார்டெல்லாம் இவ டிராயர்லதான் சார் பூட்டியிருக்கும். எங்கிட்ட வெறும் பேரும் நம்பரும்தான்.”

நான் பொய் சொல்வதாகவே அப்போது நினைக்கவில்லை. செய்தி உன்னிடமிருந்துதான் போயிருக்கும் என்று மனதார நம்பினேன். நீ என்னைப் பார்த்தாய். அன்றைக்கே உன்னை நிறுத்திவிட்டார்கள்.

நீ போனபிறகு இரண்டாவது கார்டு எழுத ஆளில்லை. எல்லாம் என் மேசைக்கே வந்தது. ஒருநாள் எதிரே நின்ற அம்மா ஒருத்தி, தலைகீழாகக் கிடந்த கார்டை விரலால் தொட்டு, “அட, இது நம்ம மளிகைக்கடைக்காரர் மருமவ இல்ல? இதுக்கா இந்தச் சீக்கு?” என்றாள். கார்டைச் சட்டென்று கவிழ்த்தேன். நான் கார்டுகளைப் பரப்பிவைத்த அன்று, அந்த அம்மா நின்ற அதே இடத்தில் காரிமங்கலத்து ஆள் நின்றிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் விசாரித்தேன். மாரண்டஹள்ளிப் பெண்ணை வேண்டாம் என்ற மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் அவர். டாக்டரிடம் போய்ச் சொல்ல மூன்று முறை அறை வாசல்வரை போனேன். மூன்று முறையும் திரும்பி வந்தேன்.

இன்று காலை நோய் என்ற வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். மருத்துவமனை மேனேஜர் உடனே போன் செய்தார். “மேடம், வெறும் பேரும் ஊரும் வந்தா எப்படிங்க? பார்த்ததும் என்ன சீக்குன்னு தெரியணும் இல்லீங்களா?”

“யாருக்குத் தெரியணும்?” என்று கேட்டேன். “சரிங்க, அப்படியே இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

உன்னை மறுபடி பார்த்தது ஏழெட்டு வருடம் கழித்து, தருமபுரி பஸ் நிலையத்தில். இடுப்பில் குழந்தை. நான் ஒதுங்கப் பார்த்தேன்; நீயே பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். மாரண்டஹள்ளிப் பெண்ணைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாய். “மாத்திரைய வுடாம சாப்பிட்டா, குணமாயிட்டா. கல்யாணம்தான் ரொம்ப வருசம் தள்ளிப்போச்சு.” நீ அவள் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததையெல்லாம் அங்கேயே நின்று கொட்டினேன். நீ குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாய்.

“தெரியும். கார்டெல்லாம் வரிசை மாறிக் கெடந்துச்சு. நீ சீட்டு எழுதுற ஊதா மை ஒண்ணுல ஒட்டியிருந்துச்சு.”

“அப்புறம் டாக்டர் முன்னாடி ஏன் சொல்லல?”

“சொல்றேன்னே வச்சுக்க. டாக்டர் உன்னத் திரும்பிப் பார்த்துக் கேட்பாரு. நீ ஆமான்னு சொல்லியிருப்பியா?”

கடத்தூர் பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி என் பதிலுக்காகக் கொஞ்சம் நின்றாய். கண்டக்டர் விசில் ஊதினார். நீ ஏறிப் போய்விட்டாய்.

பதில் எனக்கு அப்போதே தெரியும். சொல்லியிருக்க மாட்டேன். அதையாவது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கேட்க நீ இல்லாத இந்த நாளிலும் அந்த ஒரு ‘மாட்டேன்’ என்னிடமே இருக்கிறது.